இருபதாயிரம் வருடப் பழைய வீடு, உள்ளே வந்து பார்க்கலாம்

வீடு காட்டும் தொழிலில் முதல் பாடம், அந்த வீட்டில் குடியிருந்தவர்களைப் பற்றி மறந்தும் குறைவாகப் பேசக் கூடாது என்பது. நான் இப்போது காட்டும் வீடுகளில் குடியிருந்தவர்கள் போய் இருபதாயிரம் வருடம் இருக்கும். ஆனாலும் பாடம் அதேதான். அவர்களுக்காகக் கோபித்துக்கொள்ள யாராவது ஒருவர் எப்போதும் பின்னால் நிற்பார்.

முன்பு ஒன்பது வருடம் மெல்பனின் டார்னெய்ட்டில், வாங்க வருவோருக்குக் காட்டும் டிஸ்பிளே ஹோம்களில் நின்றேன். கல் பதித்த குசினி, இரட்டைக் கராஜ், தியேட்டர் அறை என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்தவள். அந்த வேலை போனபின் டண்டினொங்குக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. வேட்டையாடியும் காய்கிழங்கு பொறுக்கியும் வாழ்ந்த ஆதி மனிதர்கள் எப்படி வீடு கட்டினார்கள் என்று காட்ட, பின்முற்றத்தில் மூன்று மாதிரி வீடுகள் நிற்கின்றன. ஒன்று யானை எலும்பு வீடு. ஒன்று தோல் கூடாரம். மூன்றாவது, ஏரிக்கரையில் இருந்தவர்கள் கட்டியது போன்ற புல் குடிசை. மரக்கொப்புகளை வட்டமாக நட்டு, நுனிகளை வளைத்துக் கட்டி, மேலே நாணலும் புல்லும் போட்டது. அதில் பாதியை என் கையாலேயே கட்டினேன்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக எனக்குப் பிடித்த ஒரு வேலை. அதற்கும் வந்தது ஆபத்து. மனேஜர் கிறேக் என்னைக் கூப்பிட்டு, முற்றத்துக்கு வரும் கூட்டம் போதாது, கோப்பிக் கடையைப் பெருப்பிக்க இடம் வேண்டும் என்றான். தொல்லியல் பேராசிரியை ஒருவர் வந்து பார்ப்பாராம். இந்த வீடுகள் மண்ணுக்குள் கிடைத்த சான்றுகளோடு பொருந்துகின்றன என்று அவர் எழுதித் தந்தால் பள்ளிக்கூடங்களை அழைக்கலாம், முற்றம் தப்பும். தராவிட்டால் முற்றத்தில் கதிரை மேசை போடுவார்கள், நான் வீட்டில் கதிரை போட்டு உட்கார வேண்டியதுதான். அவர் வருவதற்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரத்திலும் அதன் முடிவிலும் நடந்தவைதான் இவை. வாடிக்கையாளர் முன் நின்று சிரித்தே கன்னம் வலித்தவர்களாக நீங்களும் இருந்தால் மேலே படியுங்கள்.

எத்தனை நாளில் முடியும்?

ஒரு சனிக்கிழமை தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்று வந்தது. கணவர் ஐ.டி.யில் இருக்கிறார். புல் குடிசைக்குள் நுழைந்ததும் காலடி வைத்து நீளம் அளந்தார். நாலாவது அடியில் சுவர் வந்துவிட்டது. "எத்தனை பெட்ரூம்ங்க?" என்று கேட்டார். பழைய வேலையின் பழக்கம் விடுமா? "ஓப்பன் பிளான்" என்றேன். மனைவி குசினியைத் தேடினார். அடுப்பு பெரும்பாலும் வாசலுக்கு வெளியே, உள்ளே படுப்பதும் கல்லுச் செதுக்குவதும்தான் என்று விளக்கினேன். சமையல் மணம் உள்ளே வராது என்பதில் அவருக்கு மிகவும் திருப்தி.

கணவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, இதைக் கட்ட எவ்வளவு நாள் பிடிக்கும் என்றார். நாலைந்து பேர் சேர்ந்தால் ஓரிரு நாளில் முடித்துவிடலாம், சிதைந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்டுவார்கள் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஏக்கம். "எங்க வீட்டுக்கு ஸ்லாப் போடுறேன்னு சொல்லி பதினாலு மாசம் ஆச்சுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"இந்த பில்டர்ஸ் இப்ப டார்னெய்ட் பக்கம் வேலை எடுக்கிறாங்களா?"

சைவக்காரரும் யானை எலும்பும்

சிட்னி லிட்கமிலிருந்து மெல்பனுக்கு மகளைப் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து அங்கிளும் அன்ரியும் வந்திருந்தார்கள். அங்கிள் சுத்த சைவம். மாமத் என்ற மயிர் மூடிய பெரிய யானையின் தாடை எலும்புகளை ஒன்றின் மேல் ஒன்று கொளுவி, மேலே தோல் போர்த்திய வீட்டின் வாசலில் வந்ததும் நின்றுவிட்டார். "நான் உள்ளுக்கு வரமாட்டன். எத்தினை உயிர்!" என்றார். எல்லாம் பிளாஸ்டிக் என்று தட்டிக் காட்டினேன். பிளாஸ்டிக்தான், ஆனால் எண்ணம் இருக்கிறதே என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. அந்தக் குளிர் நாட்டில் கட்ட மரம் கிடையாது. எலும்புகளில் பலவற்றை வேட்டையாடி எடுக்கவில்லை, எப்போதோ செத்துக் கிடந்த யானைகளிலிருந்து பொறுக்கி வந்ததாகவே ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள் என்றேன். கொல்லவில்லையென்றால் பாவமில்லை என்று அங்கிள் தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளியே மழை தூறத் தொடங்கியதும் அங்கேயே உட்கார்ந்து மரக்கறி சாண்ட்விச்சைப் பிரித்தார். அன்ரி வாசலில் நின்று அவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

"முப்பத்தைஞ்சு வரியமா என்ர மீன் சட்டியைக் குசினிக்குள்ள விடாத மனிசன், பிள்ளை. இப்ப ஆனைத் தாடைக்குக் கீழ இருந்து சாப்பிடுது."

பாயும் நெருப்பும்

தமிழ்ப் பாடசாலை ஒன்றின் நாலாம் வகுப்பு வந்தது. இருபது பிள்ளைகள், ஒரே ஆசிரியை, அவர் கையில் ஒரு விசில். ஆதி மனிதர் எப்படிப் படுத்தார்கள் என்று சொன்னேன். ஆற்றங்கரைக் கோரையை வெட்டித் தரையில் தடிப்பாகப் பரப்புவார்கள். சில இடங்களில், பூச்சி அண்டாத ஒரு வகை இலையை அதன் மேல் தூவினார்கள். நாள்பட்டு அழுக்கானால் அப்படியே நெருப்பு வைத்துவிட்டு, சாம்பலுக்கு மேல் புதிதாகப் பரப்புவார்கள். துப்புரவான மனிதர்கள் என்று முடித்தேன்.

நல்ல கருத்துச் சொன்ன திருப்தியில் நின்றபோது முன் வரிசையிலிருந்த ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள். "மிஸ், சோ, பெட் மேக் பண்ணத் தேவையில்லையா? ஜஸ்ட் பேர்ன் பண்ணினாக் காணுமா?" என்று கேட்டாள். இருபது முகங்களிலும் ஒரு வெளிச்சம் வந்தது. நான் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்:

"பிள்ளையள், இந்தப் பகுதி சோதினைக்கு வராது."

வாசல் எந்தப் பக்கம்?

மகனிடம் ஆறு மாதம் தங்க மதுரையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வீட்டையும் சுற்றினார். புல் குடிசை வாசலில் நின்றதும் அவர் கண் விரிந்தது. "வடகிழக்கு! ஈசானியம்!" என்றார். தென்மேற்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் வாசல் வைத்தோம், அவர்களும் அந்தந்த இடத்துக் காற்றைப் பார்த்து அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. சாஸ்திரம் பார்த்துக் கட்டியதால்தான் இவர்கள் நோய்நொடி இல்லாமல் நல்லா இருந்திருக்கிறார்கள் என்று மகனுக்குப் பத்து நிமிடம் விளக்கினார். இரண்டு ஜாக்கெட்டையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் சுமந்துகொண்டு நின்ற மகன் மெதுவாகச் சொன்னார்:

"அப்பா, அவங்க எல்லாரும் செத்துட்டாங்கப்பா."

நாடோடி ஆர்?

இது நான் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒரு நாள் உற்சாக மிகுதியில், "வேட்டையாடி வாழ்ந்தவர்கள் நாடோடிகள், ஓரிடத்தில் நிலையாக இருக்கவே மாட்டார்கள்" என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லிவிட்டேன். திரும்பினால் மார்லீன் நிற்கிறாள். இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். உள் மண்டபத்தில் தன் மக்களின் பகுதியைக் காட்டுவது அவள்தான். கூட்டம் போனதும் என்னைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனாள். அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும்.

விக்டோரியாவின் மேற்கே அவளுடைய ஆட்கள் விலாங்கு மீனுக்காக வாய்க்கால் வெட்டி, அணை கட்டி, பக்கத்திலேயே கல் அடுக்கிய சுவர் வீடுகள் கட்டியதைச் சொன்னாள். வருடத்தில் கன நாள் அங்கேயே இருந்தார்கள். விலகிப் போனாலும் திரும்பி அதே வீட்டுக்குத்தான் வந்தார்கள். அதோடு, எங்கள் ஆட்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் செத்துப்போன மாதிரிப் பேசாதே, நான் உன் பிஸ்கட்டைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் பேச்சை மாற்றுவது போல, இந்த நாட்டுக்கு வந்து எத்தனை வீடு மாறினாய் என்று கேட்டாள். விரல் விட்டு எண்ணினேன். பதினேழு வருடத்தில் பதினொரு வாடகை வீடு. மார்லீன் கோப்பையைக் கீழே வைத்தாள்:

"இப்போது சொல், நம் இரண்டு பேரில் நாடோடி யார்?"

ஒருத்தரும் கூட்டாத தரை

பேராசிரியை ஒரு திங்கட்கிழமை வருவதாக முடிவானது. புல் குடிசையின் தரையைத் தயார் செய்ய எனக்கு ஒரு வண்ணப் படம் தந்தார்கள். படம் வரைந்தவர் ஓர் ஓவியர். ஆதி மனிதன் வீட்டுத் தரையில் என்னென்ன கிடக்குமோ அவ்வளவும் அதில் இருந்தது. மீன் முள்ளு, கல்லுச் செதுக்கிய சில்லு, கருகிய விதை, ஓட்டை விழுந்த சிப்பி, புல்லுப் படுக்கை. வெள்ளிக்கிழமை காலை தொடங்கி முழங்காலில் நின்று ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு சாணுக்கு ஒரு சில்லு, அதன் பக்கத்தில் ஒரு முள்ளு. மாலையானபோது இடுப்பு, நாரி எல்லாம் கழன்றுவிடும் போல இருந்தது. தரை மட்டும் படத்தை உரித்து விரித்தது போல அச்சாக இருந்தது.

அப்போது குணம் அண்ணை வாளியும் தும்புத்தடியுமாக வந்தார். ஒப்பந்தக் கொம்பனி ஒன்றின் மூலம் எங்களிடம் துப்புரவு வேலை செய்பவர். அறுபது வயது, படகில் வந்தவர், இன்னும் நிரந்தர விசா இல்லை. அவர் துடைத்த கண்ணாடியில் பறவைகள் மோதும் அளவுக்கு வேலை சுத்தம். வாசலில் நின்று தரையைப் பார்த்தவர் திகைத்துப் போனார். "என்ன தங்கச்சி இது, இப்பிடிக் கிடக்குது?" என்றார். இது காட்சிக்கு வைத்தது, தொடாதேயுங்கோ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "இருபதாயிரம் வரியமா ஒருத்தரும் கூட்டேல்லை அண்ணை, அதுதான்" என்று பகிடி விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பின்னாலிருந்து அவர் சொன்னது கேட்டது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை:

"விளங்குது தங்கச்சி. அதை என்ர பொறுப்பில விடுங்கோ."

திங்கட்கிழமை

எட்டு மணிக்கு வந்து குடிசைக்குள் தலையை நீட்டினேன். தரை பளிச்சென்று இருந்தது. மூன்று நாளைக்கு முன் நான் பரப்பிய முள்ளு, சில்லு, சிப்பி ஒன்றும் இல்லை. தூசி பறக்காமல் தண்ணீர் வேறு தெளித்திருந்தது. வாசலுக்கு வெளியே, இடது பக்கமாக, அதில் ஒரு பங்கு குவியலாகக் கிடந்தது. குணம் அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார். "பெரிய ஆள் ஒராள் வருகுதாம், குப்பைக்குள்ளையே கூட்டிக்கொண்டு போறது? சனிக்கிழமை வந்து கூட்டினனான். வாளி நிரம்பிப் போச்சு, மிச்சம் வாசல்ல கிடக்குது, இப்ப அள்ளிப் போடுறன்" என்றார். சனிக்கிழமை அவருக்கு வேலை நாளே இல்லை. எனக்காகத்தான் வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் முழுக்க என் மேல்தான். ஒன்றையும் தொடாதேயுங்கோ என்று கெஞ்சி அவரை அனுப்பிவிட்டு, குவியலிலிருந்து மீன் முள்ளைப் பொறுக்கத் தொடங்கினேன். நாலாவது முள்ளில் கிறேக்கின் குரல் கேட்டது. பேராசிரியை ஹெலன் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டார்.

கிறேக் தரையைப் பார்த்தான். கழுத்திலிருந்து மேலே சிவந்தான். "யார் செய்தது?" என்றான். ஒப்பந்தத்தில் வரும் ஒருவர் மேல் ஒரு முறைப்பாடு போனால், மறுநாள் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பார். அது கிறேக்குக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முற்றம் எப்படியும் போகப் போகிறது, ஒருவரின் வயிற்றிலடித்துவிட்டுப் போவானேன் என்று நினைத்தேன். "நான்தான் கூட்டினேன்" என்றேன். கிறேக் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

ஹெலன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் ஏற்கனவே முழங்காலில் இருந்தார். டோர்ச் அடித்துத் தரையில் மிஞ்சிய பொடிச் சில்லுகளைப் பார்த்தார், வெளியே வந்து குவியலைப் பார்த்தார், திரும்ப உள்ளே தவழ்ந்தார். பத்து நிமிடம் இதேதான். வேலை தேடும் விண்ணப்பத்தை நான் மனதில் எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகு அவர் எழுந்து, ஓவியர்கள் எல்லாரும் குப்பையைத் தரை முழுக்கச் சமமாகத் தூவி வைப்பார்கள், அதைப் பார்த்து அலுத்துவிட்டேன் என்றார். அவர் தோண்டிய வீடுகளில் அப்படி இருந்ததில்லையாம். பெரிய துண்டுகள் வாசலுக்கு வெளியே ஒரு பக்கமாகக் கிடக்கும். தும்புத்தடிக்கு அகப்படாத பொடிச் சில்லுகள் மட்டும் தரையில் மிதிபட்டு இறங்கியிருக்கும். ஏனென்றால் அவர்களும் மனிதர்கள், அவர்களும் கூட்டினார்கள். "இதில்தான் ஆட்கள் குடியிருந்தது போல் இருக்கிறது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் வெட்கமில்லாமல் குலுக்கினேன்.

அதோடு விட்டாரா? பின்பக்கச் சுவரோரம் பிறை வடிவில் ஒரு துண்டு கூட்டப்படாமல் கிடந்ததைக் காட்டி, "இந்த இடத்தை மட்டும் ஏன் விட்டாய்? நாங்கள் தோண்டும்போதும் இப்படி ஒரு பட்டை வரும்" என்றார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு காத்து நின்றார். கூட்டாத ஒருத்திக்கு என்ன தெரியும்? பொய் சொல்லிவிட்டேன், கூட்டியது நானில்லை என்று ஒப்புக்கொண்டு குணம் அண்ணையைக் கூப்பிட்டேன். கூண்டில் ஏறுவது போலத் தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். வேலையில் குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவர் முகம் கறுத்தது. "அந்தப் பக்கம் கூரை பதிஞ்சு கிடக்குது தங்கச்சி. நிமிந்தால் தலை இடிக்கும், குனிஞ்சால் நாரி விடாது. அதோட, வாசல்ல நிண்டு பாக்கிற ஆளுக்கு அந்த இடம் தெரியாது எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். ஹெலன் சிரிக்கவில்லை. ஒரு சொல் விடாமல் எழுதினார்.

ஹெலனின் கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது. முற்றம் இருக்கலாம், ஓவியரின் படத்தை எடுத்துவிடலாம், புல் குடிசையை வாரம் ஒரு முறை குணம் கூட்ட வேண்டும், எப்படிக் கூட்டுவது என்று அவருக்கு யாரும் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தது. கிறேக் அதை எங்கள் இருவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, கொம்பனிக்கு அண்ணையைப் பாராட்டி எழுதப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தேன். குணம் அண்ணை வாளியைத் தூக்கினார், இரண்டடி போனார், திரும்பி வந்தார்:

"எனக்காகத்தான் நீங்கள் கூட்டினதெண்டு சொன்னனீங்கள், அதை நான் மறக்கமாட்டன் தங்கச்சி. ஆனா நாள்தோறும் குப்பை குவிஞ்ச உங்கட மேசையைப் பாக்கிற ஆக்களிட்டையே போய் அதைச் சொல்லுறது?"

வீடு காட்டிப் பிழைக்கும் நமக்கு வீட்டைப் பற்றி எல்லாமே தெரியும், அதைக் கூட்டுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கும் வரைக்கும்.